காட்சியும் கடனும்

மெய்யியலாளன் என்பவன் யாவன் என வினவிய அரசனொருவனுக்குப் பைதகரஸ் இறுத்த விடையைச் சிசரோ தமது நூலொன்றிற் குறித்து வைத்துள்ளார். மனித வாழ்க்கை கிரேக்கரின் பெருவிழாவொன்றை ஒத்தது. அவ்விழாவுக்கு உடல்வலி காட்டி முடிசூடிப் புகழடைய வருவோர் ஒரு சாரார். விற்றும் வாங்கியும் ஊதியம் தேட வருவோர் இன்னொரு சாரார். புகழையும் பொருளையும் வேண்டாது, ஆங்கு என்ன நிகழ்கின்றது, எங்ஙனம் நிகழ்கின்றது என்று காண்பதற்கென்றே வருவோர் மூன்றாம் சாரார். இவர்களே மூவருள்ளும் மேலோர். மெய்யியலாளனும் வாழ்க்கையென்னும் விழாவில் இத்தகைய காண்போனே என்பது அவ்விடையின் சாரம்.

முதலாம் வருடத்தில் இதனைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. கலைப்பீடத்தில் இடங்கிடைத்தது என்றவுடன் ஊரிலே உறவினர் கேட்கும் கேள்வி யாவரும் அறிந்ததே. மருத்துவமும் பொறியியலும் படிப்போரிடம் எவரும் கேளாத அக்கேள்விக்கு ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்னரே ஒருவர் விடை கூறிவிட்டார் போலும் எனக் கருதினேன். காண்பதே மேலான தொழில் எனின், காணக் கற்பதும் மேலான கல்வியாகும் அன்றோ? ஆயின் அவ்விடை எனக்கு அளித்த நிம்மதி நெடுநாள் நிலைக்கவில்லை. அது குலைந்தவாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமக்குக் கிரேக்க நாகரிகம் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் விடுமுறையில் அந்நாட்டுக்குச் சென்று திரும்பினார். மாலையொன்றில் ஆர்வமுள்ள மாணவர் சிலரை அழைத்துத் தாம் பிடித்த புகைப்படங்களைத் திரையிற் காட்டினார். அக்குறோபொலிஸ் குன்றின்மீது பார்த்தினன் கோயில், மலைச்சரிவிலே டெல்பி, எப்பிடாவுறஸ் நகரின் அரங்கு, சூனியன் முனையிலே கடற்றெய்வமாகிய பொசைடனின் கோயிற்றூண்களுக்கிடையே அந்திச்சூரியன். ஒன்றையொன்று விஞ்சும் அழகு. ஒரு படத்திலேனும் ஒரு மனிதர் இல்லை. மாணவி ஒருத்தி இதனைக் கவனித்து, அங்கே கூட்டமே இல்லையா, ஐயா, என வினவினாள். அவர் நகைத்து, ஆட்கள் விலகும்வரை காத்திருந்து எடுத்த படங்கள் இவை என்றார். சில இடங்களில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகக் காத்து நின்றாராம். அவருடைய பொறுமையை மெச்சி நாம் கைதட்டினோம். நானுந்தான் கைதட்டினேன்.

அக்குறோபொலிசுக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளின் தொகை மிகுந்தமையால், 2023ஆம் ஆண்டு செத்தெம்பர் தொடக்கம் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை என்று கிரேக்க அரசு வரையறை செய்தது. இருபதினாயிரம் பேர் ஏறி இறங்கும் ஒரு குன்றை ஆளரவமற்ற குன்றாகக் காட்டுவது ஒருவகைத் திறமையே. விடுதிக்குத் திரும்பும் வழியில் என்னை உறுத்தியது ஒன்றே: மனிதர் இல்லாதிருந்தமையால் அன்றோ அப்படங்கள் எமக்கு அழகாகத் தோன்றின? கற்களைக் கண்டு மகிழ்ந்தோமா, மனிதரின் இன்மையைக் கண்டு மகிழ்ந்தோமா?

நான் கிரேக்க நாட்டை நேரிற் கண்டவனல்லன். நூலகத்தின் துணைகொண்டே எழுதுகின்றேன். ஆயினும் அந்நூல்களிலிருந்து ஓர் உண்மையை அறிந்துகொண்டேன். அவ்விடங்களின் வெறுமை இயல்பாக வாய்த்ததன்று, அது செய்யப்பட்டது.

டெல்பியை எடுத்துக்கொள்வோம். அப்பொல்லோவின் திருவாக்கு உரைக்கப்பட்ட அத்தலத்தின்மீது 19ஆம் நூற்றாண்டில் கஸ்திரி என்னும் கிராமம் இருந்தது. பழைய கற்களே அவ்வூர் வீடுகளின் சுவர்கள், கோயிற்றளமே முற்றம். அகழ்வை நடாத்தும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் 1891இற் பெற்றனர். ஊர் முழுவதும் விலைக்கு வாங்கப்பெற்று, பெயர்த்தெடுக்கப்பட்டு, சற்றுத் தொலைவிலுள்ள இன்றைய இடத்தில் மீள அமைக்கப்பட்டது. 1892இல் வேலை தொடங்கியபோது ஊரவர் எதிர்ப்புக் காட்டினர். நான்கு ஆண்டுகளின் பின், 1896இல், உலகப் புகழ்பெற்ற வெண்கலத் தேரோட்டியின் சிலை மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அதெனிய நகர்ச்சதுக்கமான அகோறாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1931இல் அமெரிக்க அறிஞர் அங்கே அகழ்வைத் தொடங்கியபோது அவ்விடம் விறிசாக்கி என்னும் குடியிருப்பாய் இருந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டன. சோக்கிரட்டீஸ் உலாவிய மண் வெளிப்பட வேண்டுமாயின், அதன்மேல் உலாவிக்கொண்டிருந்தோர் போகத்தான் வேண்டியிருந்தது.

அக்குறோபொலிசிற் பெயர்க்கப்பட்டது ஊரன்று, காலம். பார்த்தினன் அதெனாத் தெய்வத்தின் கோயிலாய் விளங்கியது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். கிறித்தவ தேவாலயமாய் விளங்கியதும் அதற்கு அதிகங் குறையாத காலமே. பின்னர் அது பள்ளிவாசலாயிற்று. 1687இல் வெனிசியரின் பீரங்கிக் குண்டு வீழ்ந்து, உள்ளே சேமித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்தபோது அதன் நடுப்பகுதி சிதறிற்று. 1816இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 35,000 பவுண் கொடுத்து எல்ஜின் பிரபுவிடம் வாங்கிய சிற்பங்களின் வழக்கு யாவருக்கும் தெரிந்ததாகலின் அதனை ஈண்டு விரிக்கவில்லை. அதிகம் பேசப்படாதது பிறிதொன்று. 1830களில் கிரேக்கம் தனியரசானபின், பழங்காலத்துக்குப் புறம்பானவை எனக் கருதப்பட்டவை அனைத்தும் அக்குன்றிலிருந்து படிப்படியாக அகற்றப்பட்டன. பாழடைந்த பார்த்தினனுள் எழுப்பப்பட்டிருந்த சிறு பள்ளிவாசல் போயிற்று, வீடுகள் போயின, நுழைவாயிலருகே நின்ற மத்தியகாலக் கோபுரம் 1875இல் வீழ்த்தப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர் திரோய் நகரை அகழ்ந்த ஷ்லீமன். எஞ்சியது பெரிக்கிளிசின் நூற்றாண்டு மாத்திரமே. அடுத்துவந்த ஈராயிரம் ஆண்டுகளும் அக்குன்றின்மீது எவருமே வாழ்ந்திராதது போன்ற தோற்றம் ஏற்படுத்தப்பட்டது. எமது விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் காத்திருந்து செய்ததை அங்கே ஒரு நூற்றாண்டாகச் செய்தனர் எனலாம்.

இவ்வாறு கூறுவதால் அகழ்வாளரைக் கொள்ளைக்காரர் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. தேரோட்டியை மீண்டும் புதைத்துவிட்டுக் கஸ்திரியை அதன்மேல் எழுப்புக என எவரும் சொல்லார். நானும் சொல்லேன். கற்றோர் அறியவந்த கல்வெட்டுக்கள் மாத்திரமே ஆயிரக்கணக்கானவை. ஆயினும் கண்டு மகிழும் காட்சிக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டுள்ளது என்பதும், அவ்விலையைக் கொடுத்தோர் காண்போர் அல்லர் என்பதும் உண்மையே. பைதகரஸ் கூறிய மூன்றாம் சாரார் ஒன்றும் எடுக்காது ஒன்றும் கொடுக்காது நிற்போர். அவர்கள் நிற்பதற்கு வெட்டவெளி ஒன்று தேவைப்படுகின்றதே, அதனை யார் கொடுத்தார்?

இவ்விடத்திலே சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் தகும். எங்களூர்க் கோயிலின் தேர்த்திருவிழாவன்று, வடம் பிடித்து ஓய்ந்தபின் வீதியோரத்துக் கருங்கல் மண்டபத்திலே நண்பர்களோடு அமர்ந்து தண்ணீர்ப்பந்தல் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டவர் ஒருவர் கமராவுடன் வந்தார். நல்ல மனிதர்; புன்னகை செய்தார்; பின்னர் சற்று விலகுமாறு கையாற் சைகை காட்டினார். எம்மைப் படம்பிடிக்க வந்தார் என நினைத்திருந்த நாங்கள், தூண்களைப் படம்பிடிக்க எமைத் தடையாகக் கண்டார் என்பதைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் சென்றது. விலகினோம். அதனாற் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. எனினும் அம்மண்டபம் சில வினாடிகள் எங்களுடையது அல்லாததாயிற்று. கஸ்திரி ஊரவரை நினைக்கும்போதெல்லாம் இவ்வற்ப நிகழ்ச்சி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இனி, காண்பது என்பதற்குக் கிரேக்கர் வழங்கிய சொல்லை நோக்குவோம். 'தியோறியா' என்பது அச்சொல். இன்று நாம் கோட்பாடு என்று வழங்கும் பொருளை ஐரோப்பிய மொழிகள் குறிப்பது இச்சொல்லின் வழித்தோன்றலாலேயே. ஆதியில் அதற்குக் கோட்பாடு என்னும் பொருள் இல்லை. பிற நகரின் விழாவைக் காணவென ஒரு நகரம் தன் சார்பில் அனுப்பும் தூதுக்குழுவின் பயணமே தியோறியா, அத்தூதுவனே 'தியோறொஸ்'. அவன் வெறுங்கையோடு சென்றவனல்லன். தன் நகரின் பேராற் பலியிட்டான், காணிக்கை செலுத்தினான், விருந்துண்டான், பாடற்குழுவையும் உடன் அழைத்துச் சென்றான். சுருங்கக் கூறின், காண்பதற்குச் சென்றவனும் விழாவில் ஒரு பங்காளி. பார்வையை மாத்திரம் தனியே பிரித்தெடுத்து அதனை உயர்ந்தது எனக் கூறியது பிற்கால மெய்யியலாரின் செயல்.

பிளேட்டோவிடம் இவ்விரு பொருளும் ஒருங்கே காணப்படுகின்றன. அவருடைய 'குடியரசு' எங்ஙனம் தொடங்குகின்றது? பிரேயஸ் துறைமுகத்திற் புதிதாக எடுக்கப்பட்ட விழாவொன்றைக் காணச் சோக்கிரட்டீஸ் இறங்கிச் செல்கின்றார். அவ்விழா பெண்டிஸ் என்னும் தெய்வத்துக்குரியது. அத்தெய்வமோ கிரேக்கர் அல்லாத திரேசியரின் தெய்வம். திரேசியர் நடாத்திய ஊர்வலம் எமது நகரத்தார் ஊர்வலத்துக்குச் சற்றும் குறைந்ததன்று எனச் சோக்கிரட்டீஸ் ஒப்புக்கொள்கின்றார். திரும்பப் புறப்பட்டவரை நண்பர் தடுத்து, இரவிலே குதிரைமீதமர்ந்து தீவட்டி மாற்றி ஓடும் பந்தயம் உண்டு, கண்டுபோகலாம் என்கின்றனர். நீதி என்பது யாது என்ற மாபெரும் உரையாடல், வேற்றாரின் திருவிழா ஒன்றைப் பார்க்கத் தங்கிய இரவிலே நிகழ்கின்றது. அவர்கள் அப்பந்தயத்தைக் கண்டார்களா என்பதைப் பிளேட்டோ சொல்லவேயில்லை. உரையாடலிற் பந்தயம் மறந்துபோயிற்று. மெய்யியலாளரிடம் விழாக்காரர் கொள்ளக்கூடிய நியாயமான மனக்குறை இது எனலாம்.

'சட்டங்கள்' என்னும் முதுமைக்கால நூலிலே பிளேட்டோ மேலும் கண்டிப்பானவராகின்றார். பிறநாடு காணச் செல்வோன் ஐம்பது வயதைக் கடந்தவனாயிருத்தல் வேண்டும். மீண்டு வந்ததும் நகரின் உயர்சபைமுன் தோன்றித் தான் கண்டவற்றை அறிக்கையிடல் வேண்டும். கெட்டுப்போய் வந்தானாயின் எவரோடும் கலவாது ஒதுங்கி வாழ வேண்டும். அதனையும் மீறிக் கல்வியிலும் சட்டத்திலும் தலையிடின் மரணதண்டனை. இருபத்திரண்டு வயதினனாகிய எனக்கு இவ்விதி உவப்பானதன்று. ஆயினும் அதனுள் ஓர் உண்மை உளது. பார்த்துவருவது தனியாளின் இன்பம் மட்டுமன்று. பார்த்தவன் பதில் கூற வேண்டியவன்.

இதனை மனத்திற்கொண்டு எப்பிடாவுறசுக்குச் செல்வோம்.

கி. மு. 4ஆம் நூற்றாண்டில் அஸ்கிளிப்பியஸ் என்னும் மருத்துவத் தெய்வத்தின் தலத்திலே கட்டப்பட்டது அவ்வரங்கு. நோயாளர் அத்தலத்துக்கு வந்து, குறித்த மண்டபத்திலே துயின்று, கனவிலே தெய்வத்தைக் கண்டு குணம்பெற்றனர் என நம்பினர். குணம்பெற்றோர் கதைகள் கல்லிற் பொறிக்கப்பட்டன. அத்தகைய இடத்தில் நாடகவரங்கு எதற்கு என இன்று நாம் கேட்கலாம். அன்றைய நோயாளி அவ்வாறு கேட்டிரான். மலைச்சரிவைத் தழுவி விசிறிபோல் விரியும் அவ்வரங்கிற் கீழே 34, மேலே 21 என 55 ஆசன வரிசைகள் உள்ளன. பதினாலாயிரம் பேர்வரை அமரலாம் என்பர். மண்மூடிக் கிடந்த அதனைக் கவ்வாடியஸ் என்னும் கிரேக்க அறிஞர் 1881இல் அகழத் தொடங்கினார். 1938இல், பல நூற்றாண்டுகளின் பின், அங்கே முதன்முறையாக ஒரு பண்டை நாடகம் ஆடப்பட்டது. சொபோகிளிசின் 'இலெக்திரா' அது. நெறியாளர் திமித்திரிஸ் ரொந்திரிஸ். இலெக்திராவாக நடித்தவர் கத்தீனா பக்சினு. 1950களின் நடுப்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் விழா நடைபெறுகின்றது. கோடைக்காலத்து வெள்ளி, சனி இரவுகளில், நவீன கிரேக்க மொழியில், அந்நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கிற் கூடியிருக்க அந்நாடகங்கள் ஆடப்படுகின்றன. ஒபெரா பாடகி மரியா கலஸ் 1960இலும் 1961இலும் அங்கே பாடினார்.

பகலில் அங்கு செல்வோர் காண்பது வேறு. வழிகாட்டி வட்டமேடையின் நடுவே நின்று ஒரு நாணயத்தைப் போடுகின்றார், அல்லது கடதாசியொன்றைக் கிழிக்கின்றார். கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் அவ்வோசை கேட்கின்றது என்பது கீர்த்திபெற்ற கதை. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் கருவிகள் கொண்டு அளந்து 2017இல் வெளியிட்ட முடிவுகள் இக்கதையைப் பெரிதும் ஐயத்துக்குள்ளாக்கின. இரகசியக் குரல் முன்வரிசைக்கு அப்பால் விளங்காது. நாணயத்தின் ஓசை நாணயத்தின் ஓசைதான் என்று அறியத்தக்கதாய் இருப்பது பாதித் தூரம் வரையிலேயே. மாறாக, நடிகன் குரலெடுத்துத் திருத்தமாகப் பேசினால் அது கடைசி வரிசைவரை தெளிவாக விளங்கும். எனக்கு இம்முடிவு பெருமகிழ்ச்சி தந்தது. நாணயத்துக்காக அன்று, மனிதக் குரலுக்காகவே அவ்வரங்கு கட்டப்பட்டது என்பதை அளவுகோலும் ஒப்புக்கொண்டுவிட்டதே! தம்பியின் சாம்பல் என்று நம்பிய கலசத்தை ஏந்திநின்று இலெக்திரா அழுவதைக் கேட்க அமர்ந்தவனும், காசு விழும் ஓசையைக் கேட்க அமர்ந்தவனும் ஒரே கல்லில் அமர்ந்தவர்களே; ஆயின் ஒரே இடத்துக்கு வந்தவர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

இடிபாடுகளில் நாடகமும் இசையும் நடாத்துவதை எதிர்ப்போரின் வாதம் வலுவானது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயிரமாயிரம் பாதங்கள் படக் கல் தேயும். அக்குறோபொலிசின் அடிவாரத்து ஹெரோடிஸ் அத்திக்கஸ் அரங்குக்கு வரும் பெண்கள் உயர்குதிப் பாதணி அணிதல் தடைசெய்யப்பட்டுள்ளது. குதி முனை சலவைக்கல்லைக் கெடுக்கும் என்பதே காரணம். (அவ்வரங்கு 2ஆம் நூற்றாண்டில் ஹெரோடிஸ் என்னும் செல்வர் தம் மறைந்த மனைவி ரெகில்லாவின் நினைவாகக் கட்டியது. அவள் சாவுக்கு அவரே காரணம் என அவளது சகோதரன் வழக்குத் தொடுத்தான், அவர் விடுதலையானார். இன்று அங்கே இசை கேட்போரில் எத்தனைபேர் ரெகில்லாவை நினைப்பர் என்று அறியேன்.) இன்று காணப்படும் அதன் ஆசனங்களும் 1950களிற் புதிதாக இடப்பட்ட சலவைக்கற்களே. எனவே பழமையிற் புகுந்து விழா எடுப்போர் பழமையை மாற்றியும் விடுகின்றனர்.

உண்மை. ஆனால் தொடாது காப்பதென்று எண்ணுவோரும் கெடுத்திருக்கின்றனர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பலானொஸ் என்னும் பொறியியலாளர் பார்த்தினனைத் தூக்கி நிறுத்தினார். கற்களைப் பிணைக்க இரும்புப் பிடிப்புக்களை இட்டார். பண்டைக் கிரேக்கரும் இரும்பையே இட்டனர். ஆயின் அதனை ஈயத்தாற் போர்த்து இட்டனர். பலானொசின் இரும்பு துருப்பிடித்துப் பருத்துச் சலவைக்கல்லைப் பிளந்தது. 1975இல் அமைக்கப்பட்ட குழுவினர் அவற்றை ஒவ்வொன்றாகக் களைந்து தைத்தேனியத்தைப் புகுத்தி வருகின்றனர். அன்பு மாத்திரம் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இது சான்று. ஆகவே கல்லுக்கு ஊறு நேருமா என்னும் வினாவை அறிந்தோர் தீர்க்கட்டும். நான் கேட்பது அதற்கு அப்பாலுள்ளது. ஊறு நேராது காத்த ஒன்று யாருக்கு என்னவாய் இருக்கின்றது?

இக்கேள்வியைக் கிரேக்கர் தம்முட் கேட்டுக் கலகமே செய்துள்ளனர். 1903இல் எஸ்கிலசின் 'ஒறெஸ்தையா' அதென்சில் மேடையேறியது. மூலமொழியில் அன்றி, மக்கள் விளங்கிக்கொள்ளக்கூடிய எளிய மொழியில் அது பெயர்க்கப்பட்டிருந்தது. பழமைக்கு இழுக்கு நேர்ந்ததென வீதிக்கு இறங்கினோர் யார் தெரியுமா? பல்கலைக்கழக மாணவர்கள்; அவர்களை ஏவியவர் ஒரு பேராசிரியர். குருதி சிந்திற்று, உயிரும் போயிற்று. மேடை மொழி எதுவாயிருத்தல் வேண்டும் என விவாதித்துக் களைத்த எமது சங்கக் கூட்டங்களை நினைந்து இதனைப் படித்தபோது சற்று நடுக்கமே உண்டாயிற்று. மக்கள் மொழி கிரேக்க அரசின் மொழியாக ஏற்கப்பட்டது 1976இலேயே. இன்று எப்பிடாவுறசில் அதே எஸ்கிலசை அம்மொழியிற் கேட்டு அழுகின்றனர்.

1959இல் ஹெரோடிஸ் அரங்கிற் கறொலொஸ் கூன் அரிஸ்டோபனிசின் 'பறவைகள்' நாடகத்தை மேடையேற்றினார். இசை ஹஜிதாக்கிஸ், ஓவியம் சறூகிஸ். பண்டைப் பூசகன் தோன்றும் காட்சியிற் கிறித்தவக் குருமாரின் ஓதல் ஒலித்தது என்பது குற்றம். ஓரிரவோடு நாடகம் தடைசெய்யப்பட்டது. மூன்றாண்டுகளின் பின் பாரிசில் அதே நாடகம் முதற்பரிசு பெற்றது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு முதிர்ந்த ஒரு நகைச்சுவை நாடகம் அமைச்சரொருவரைச் சினங்கொள்ளச் செய்ய இயலுமாயின் அது செத்ததன்று. வெற்றுத்தூண் எவரையும் சினங்கொள்ளச் செய்யாது. அதனாற்றான் போலும் எல்லோருக்கும் அது பிடித்திருக்கின்றது.

மறுபக்கமும் உண்டு. சூனியனில் அந்திச் சூரியனைப் பார்த்து நிற்போரின் முதுகுப்புறத்தே கடலிலே கிடக்கும் வறண்ட தீவு மக்ரோனிசோஸ். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1947 தொடக்கம், இடதுசாரிகள் எனப்பட்ட ஆயிரக்கணக்கான போர்வீரரும் குடிமக்களும் அங்கே அடைக்கப்பட்டு, 'திருத்த'ப்பட்டனர். யானிஸ் றிற்சொஸ் என்னும் பெருங்கவிஞரும் அங்கிருந்தார். சித்திரவதை நிகழ்ந்த அத்தீவிலே கைதிகளைக் கொண்டு பார்த்தினனின் சிறு மாதிரிகள் கட்டுவிக்கப்பட்டன, அரங்குகள் அமைக்கப்பட்டன, நாடகங்களும் ஆடப்பட்டன. முன்னோர் பெருமையை நினைந்து நல்ல கிரேக்கராக மாறுக என்பது கருத்து. ஆகவே, இடிபாட்டிலே மனிதர் கூடி விழாவெடுத்தால் அது தானாகவே நன்மையாகிவிடும் என்று கூறும் துணிவு எனக்கில்லை. பழமையை உயிர்ப்பித்தல் என்பது யாரைக் கொண்டு, யாருக்காக என்பதைப் பொறுத்தது. அந்திச் சூரியனின் படம் மேற்கு நோக்கியே எடுக்கப்படுகின்றது.

அவ்வகையிற் சிக்கெலியானொஸ் என்னும் கவிஞரும், அவருடைய அமெரிக்க மனைவி ஏவா பாமரும் டெல்பியில் 1927இலும் 1930இலும் நடாத்திய விழாக்கள் மதிப்பிடற்கரியன. பண்டை அரங்கில் எஸ்கிலசின் நாடகத்தை ஆடுவித்தனர். உடைகளை ஏவா தம் கையாலேயே தறியில் நெய்தார். பாடற்குழுவின் இசையைக் கிரேக்கத் திருச்சபையின் இசைமரபைக் கற்றோர் ஒருவர் அமைத்தார். நாட்டார் ஆடல்களும் கிராமத்தாரின் கைப்பணிக் கண்காட்சியும் உடன் நிகழ்ந்தன. உலகினரை ஒன்றுபடுத்தும் ஞானநிலையமாய் டெல்பி மீண்டும் விளங்கும் என்னும் அவர்தம் கனவு மிகையானது என்றே கருதுகின்றேன். செலவு அவர்களைக் கடனில் ஆழ்த்திற்று. ஏவா தாய்நாடு திரும்ப நேர்ந்தது. 1952இல் மீண்டும் டெல்பிக்கு வந்தவர் அவ்வாண்டிலேயே காலமாகி அவ்வூரில் அடக்கம் செய்யப்பட்டார். எனினும் தூணுக்கும் தறிக்கும் ஏதோ ஓர் உறவு உண்டென்று, ஊர் பெயர்க்கப்பட்டு ஒரு தலைமுறை கழிந்தபின், முதன்முதல் நினைத்தவர்களுள் அவர்கள் அடங்குவர்.

எலியூசிஸ் நகரின் கதை இவை எல்லாவற்றிலும் என்னை வருத்துவது. தானிய விளைச்சலின் தெய்வமாகிய திமேத்தரின் மறைச்சடங்குகள் நடைபெற்ற நகர் அது. 1801இல் எட்வேட் கிளாக் என்னும் கேம்பிறிட்ச் அறிஞர் அங்கு சென்றபோது, பெரிய சலவைக்கற் பெண்சிலையொன்று கழுத்துவரை எருக்குவியலிற் புதைந்து நின்றது. வயல்களின் விளைவு அச்சிலையாலேயே என நம்பிய ஊரவர் அதற்கு மரியாதை செய்தனர். எருவிட்டதும் அந்நம்பிக்கையோடு சேர்ந்ததே. துருக்கிய அதிகாரியிடம் அனுமதி பெற்றுக் கிளாக் அதனைக் கொண்டு சென்றார். சிலை போனால் விளைச்சல் போகும் என ஊரவர் புலம்பினர். சிலையை ஏற்றிச் சென்ற கப்பல் இங்கிலாந்துக் கரையருகே உடைந்தது, சிலை மீட்கப்பட்டது. இன்று அது கேம்பிறிட்ச் நூதனசாலையில் உளது. கிளாக் அதனைத் திமேத்தர் என நம்பினார். அது தெய்வமன்று, வாயிலைத் தாங்கிய தூண்மகள் இருவருள் ஒருத்தி எனப் பின்னர் அறியப்பட்டது. மற்றவள் எலியூசிஸ் நூதனசாலையிலேயே இருக்கின்றாள். ஆக, ஊரவரும் தவறினர், அறிஞரும் தவறினார். அவருக்கு அது கலை. அவர்களுக்கு அது சோறு. எருக்குவியல் ஒரு சிலைக்குத் தகுந்த இடமன்று என்று சொல்லப் படித்த எவருக்கும் இலகு. அவ்வெருவைச் சுமந்து வந்தவன் அச்சிலையோடு கொண்டிருந்த உறவைப் போன்ற ஒன்றைக் கண்ணாடிப் பலகைக்கு இப்பால் நிற்கும் நாம் கொண்டுள்ளோமா என்பதே வினா.

எலியூசிஸ் இன்று அழகிய ஊரன்று. எண்ணெய் சுத்திகரிப்பு நிலையமும் சீமெந்து ஆலையும் துருவேறிய கப்பல்களும் சூழ்ந்த தொழிலாளர் நகரம். விரிவுரையாளர் காட்டிய படங்களில் அது இருக்கவில்லை. ஆயினும் அங்கே பிறந்த எஸ்கிலசின் பேரால் 1975 முதல் அவ்வூரார் கோடைவிழா எடுத்து வருகின்றனர். கைவிடப்பட்ட பழைய சவர்க்கார ஆலையொன்றின் கடற்கரை முற்றமே அரங்கு. 2023இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர்களுள் ஒன்றாகவும் அது விளங்கிற்று. புண்ணியத்தலத்துக்கும் ஆலைக்கும் இடையே வாழ்வோர், இரண்டையும் தமதென்று கொண்டு எடுக்கும் அவ்விழாவைக் காண எனக்கு எப்பிடாவுறசிலும் பார்க்க ஆசை அதிகம்.

ஒரு தடை எழும். வேற்றாரின் விழாவிற் புகுந்து நிற்பது மேலுமொரு தொல்லையன்றோ? ஓகத்து 15இல் கன்னிமரியாளின் திருநாளுக்குக் கிரேக்கத் தீவுகளிலே ஊரவர் கூடி உண்டு ஆடுகின்றனர். அங்கே கமராவோடு நுழையும் அந்நியன் வழிபாட்டை வேடிக்கையாக்கிவிடுகின்றான். கற்றூணைப் பார்த்துவிட்டுப் போகின்றவன் எவருக்கும் இடையூறு செய்வதில்லை. இத்தடையை நான் முற்றாக வெல்ல இயலாது. எங்களூர் மண்டபத்தடிக்கு வந்தவர் எம்மைப் படம்பிடித்திருந்தால் மட்டும் எமக்கு உவப்பாயிருந்திருக்குமா? அப்பொழுதும் வேறு குறை சொல்லியிருப்போம். அவர் அருகே அமர்ந்து ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்திருந்தால் என்ன கூறியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கின்றேன். இது யார் வீட்டு விழா, நீங்கள் எவ்விடம், இந்தக் கல் எந்தக் காலத்தது என ஏதோ பேச்சு நிகழ்ந்திருக்கும். பாதி விளங்கியிராது. அவர் அறிஞராயின், கல்லைப் பற்றி எமக்குத் தெரியாததை அவரே கூறியிருக்கவுங்கூடும். தியோறொஸ் என்னும் பழைய தூதுவன் பங்குகொண்டது இத்தகைய முறையிலேயே என்று ஊகிக்கின்றேன். அவன் தன்னை அவ்வூரானாகப் பாவனை செய்யவில்லை. அந்நியனாகவே சென்று அந்நியனாகவே பந்தியில் அமர்ந்தான்.

சில கிழமைகளின் பின் விரிவுரையாளரை நூலக வாயிலிற் சந்தித்தேன். தாங்கள் எப்பிடாவுறசுக்குப் போனது கோடையில் அன்றோ, நாடகம் ஏதும் பார்த்தீர்களா, ஐயா, என்று கேட்டேன். போன நாளன்று இரவு நாடகம் இருந்ததாம். நவீன கிரேக்கம் விளங்காதென்று அவர் நிற்கவில்லை. காலையில் வெறும் அரங்கைப் படம்பிடித்தால் வெளிச்சம் நன்றாயிருக்கும் என்று நேரத்தோடு உறங்கச் சென்றுவிட்டார். இவ்வளவும் கூறிச் சற்றுத் தயங்கினார். மறுநாள் அதென்சுக்குத் திரும்பும் பஸ்ஸில் முன்னாசனத்துக் கிழவரும் அவர் மகளும் வழிநெடுகச் சண்டையிட்டுக்கொண்டு வந்தார்களாம். முதல்நாள் நாடகத்தைப் பற்றித்தான்; அதிலுள்ள பெயர்கள் மட்டும் அவருக்கு விளங்கினவாம். கிழவர் ஓரிடத்தில் அழுதும்விட்டாராம்.

"என்ன சண்டை, ஐயா?"

"அதுதான் தெரியாது" என்றார்.